வாளியில் ஊறிய வளையம்

எங்கள் பாய்மரப் படகின் பெயர் மூத்தவள். என் அப்பா அவளைக் கட்டி முடித்த மறு வருடம்தான் நான் பிறந்தேன். அப்படிப் பார்த்தால் அவள் எனக்கு அக்கா முறை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் அவளைப் பற்றி என் காதுபட யாரும் குறை சொல்லக் கூடாது.

ஒரு நாள் ஒருவர் சொன்னார்.

அவரைப் படகுத் துறையில் எல்லோரும் வெள்ளைப் படகுக்காரர் என்பார்கள். அவருக்கு இரண்டு வெள்ளைப் படகுகள் இருந்தன. மூன்றாவது வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த அவருக்கு இடம் இல்லை. படிக்கட்டை ஒட்டிய முதல் இடம் மூத்தவளுடையது. அவர் கண் அதன்மேல்தான்.

நாங்கள் படகைக் கயிற்றால் துறையில் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் படியில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டார்.

"பெரியவரே, உங்க படகுக்குள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுறாங்க. பாவம், திறந்து விடுங்க!"

டொக். டொக். டொக்.

சத்தம் படகின் பின்பக்கத்திலிருந்து வந்தது. எனக்கும் கேட்டது. இருந்தாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "அது அலை" என்றேன்.

"அலை இல்ல பெரியப்பா. சுக்கான்தான் ஆடுது" என்றாள் ஆணி.

ஆணி என் தம்பியின் மகள். பதினொரு வயது. ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஓர் இடத்தில் நின்றுவிட்டால் அவளைப் பிடுங்க முடியாது. அதனால் வந்த பெயர்.

வெள்ளைப் படகுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே போனார். நான் ஆணியை முறைத்தேன்.

"வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா?"

"சுக்கான் வெளியிலதானே பெரியப்பா இருக்கு?"

மறுநாளே துறையின் மேற்பார்வையாளரிடமிருந்து கடிதம் வந்தது. யார் போய்ச் சொன்னார்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை. 'தங்கள் படகின் சுக்கான் தண்டு தளர்ந்திருப்பதாகத் தெரிகிறது. மூன்று வாரத்தில் நேரில் வந்து சோதிப்பேன். சரியாக இல்லாவிட்டால் முதல் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.'

அந்தத் துறையில் வேறு இடம் கிடையாது. இடம் இல்லாத பழைய படகுகளை எங்கே இழுத்துப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். துறையின் கோடியில் ஒரு கொட்டகை இருக்கிறது. அங்கே பெரிய ரம்பம் இருக்கிறது.

"என் அக்காவை ரம்பத்துக்கு அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"நானும்தான்" என்றாள் ஆணி. அவளுக்கு மூத்தவள் அத்தை முறை.

கிரேனை வரவழைத்துப் படகைத் தூக்கி, தரையில் மரக்கட்டைகள்மேல் நிறுத்தினோம்.

சுக்கான் என்பது படகைத் திருப்பும் பலகை. தண்ணீருக்குள் இருக்கும். அதிலிருந்து ஓர் இரும்புத் தண்டு மேலே வரும். படகின் அடியிலிருந்து மேல்தளம்வரை ஒரு குழாய் உண்டு. தண்டு அதற்குள் ஏறி, தளத்துக்கு மேலே தலையை நீட்டும். அந்தத் தலையில் ஒரு மரப்பிடி. பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் படகு அந்தப் பக்கம் திரும்பும்.

குழாயின் கீழ்வாயில், தண்டைச் சுற்றி ஒரு புஷ் இருக்கும். மோதிரத்தை நீளமாக இழுத்துவிட்டது போல ஒரு வளையம். தண்டு ஆடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை.

ஆணி படகுக்கு அடியில் தவழ்ந்து போய், தேய்ந்த புஷ்ஷுக்குள் விரலை விட்டாள்.

"பெரியப்பா, இது வட்டமாவே இல்ல. முட்டை மாதிரி இருக்கு. ஒரு பக்கம் என் சுண்டுவிரல் போகுது."

"அது வெண்கலம். உன் தாத்தா போட்டது. தேயாது."

"தேஞ்சிருக்கே!"

"அறுபது வருஷம் உழைச்சா நீயும் தேய்வே. வெளியே வா."

வெண்கலம் எங்கேயும் கிடைக்கவில்லை. பழைய புஷ்ஷையும் தண்டையும் தூக்கிக்கொண்டு லேத்காரர் பட்டறைக்குப் போனோம். அவர் பெரிய இயந்திரத்தில் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் சுழலவிட்டு, உளியால் சீவுகிறவர். மூக்குக்கண்ணாடிக்குமேல் இன்னொரு கண்ணாடி போட்டிருப்பார்.

"நைலான்ல பண்ணித் தரேன்ணே. துரு பிடிக்காது, சத்தம் வராது" என்றார். "தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடட்டுமா?"

எனக்கு வெள்ளைப் படகுக்காரரின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"எதுக்கு இடம்? மறுபடி ஆடுறதுக்கா? ஒரு தாள்கூட நுழையக் கூடாது. எங்க குடும்பத்துல எதுவும் ஆடாது!"

"தலைகூடவா?" என்று கேட்டாள் ஆணி.

லேத்காரர் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார்.

முதலில் அளவு பார்க்க, விரல் அகலத்துக்கு ஒரு சின்ன வளையம் வெட்டினார். புஷ்ஷின் அதே அளவு, அதே நைலான். பிறகு முழுப் புஷ்ஷையும் வெட்டினார். படகில் பொருத்த அவரே வந்தார். முதலில் சின்ன வளையத்தைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தார். அது கச்சிதமாக வழுக்கிக்கொண்டு போனது. அதன் நடுவே தண்டும் கச்சிதமாகப் போனது. திருப்தியோடு வளையத்தை எடுத்து ஆணியிடம் கொடுத்தார்.

"நீ வச்சுக்கோம்மா. விளையாட உதவும்."

புதுப் புஷ் உள்ளே போனது. தண்டை ஏற்றினோம். பிடியை மாட்டினோம். ஒரே விரலால் தள்ளினேன். சுக்கான் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் திரும்பியது. இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன்.

சத்தமே இல்லை.

சும்மா இருப்பேனா? வெள்ளைப் படகுக்காரரை ஆள் அனுப்பி வரவழைத்தேன்.

"வாங்க, குலுக்குங்க. பலம் போதலைன்னா சாப்பிட்டுட்டு வந்து குலுக்குங்க."

அவர் முகம் சிவக்கக் குலுக்கினார். ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்!

அன்று முழுவதும் ஆணி ஏதோ யோசனையாகவே இருந்தாள்.

பதினொரு நாள் கழிந்தது. மேற்பார்வையாளர் வர இன்னும் மூன்று நாள்தான். நான் மூத்தவளுக்குக் கடைசிப் பூச்சு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். ஆணி ஒரு வாளியோடு வந்தாள். வாளியில் கடல் தண்ணீர். அடியில் அந்தச் சின்ன வளையம்.

"என்ன இது, மீன் பிடிக்கிறாயா?"

"சோதனை. லேத்காரர் கொடுத்த அன்னிக்கே ஊறப் போட்டேன். மூத்தவ தண்ணியிலதானே இருக்கப் போறா? புஷ்ஷை மட்டும் எல்லாரும் தரையிலேயே பார்த்தோம். தண்ணியில என்ன ஆகும்னு யாருமே பார்க்கலையே."

"நைலான் என்ன சர்க்கரையா, கரையுறதுக்கு?"

"கரையல. ஊதிருக்குன்னு நினைக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏணி வழியாகத் தளத்துக்கு ஏறி மரப்பிடியைக் கழற்றினேன். ஆணியும் பின்னாலேயே ஏறி வந்தாள். தண்டின் தலை வெளியே தெரிந்தது. ஆணியிடமிருந்து வளையத்தை வாங்கித் தண்டில் மாட்டினேன். அது சுலபமாக நுழைந்தது. சொல்லப்போனால் முன்பைவிடத் தளர்வாக இருந்தது.

"பார்த்தாயா? இறுகவே இல்லை. லூஸாகத்தான் ஆகியிருக்கிறது. ஓட்டையும் சேர்ந்துதான் பெரிதாகும். இப்போது போய் வீட்டுப்பாடம் எழுது."

ஆணியின் முகம் சுருங்கியது. வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கீழே இறங்கப் போனேன்.

"இருங்க பெரியப்பா!" என்று கத்தினாள். "இது இப்போ சும்மா வெளியில இருக்கு. வெளிப்பக்கமா ஊத இடம் இருக்கு. புஷ் குழாய்க்குள்ள இல்ல இருக்கும்? அது எந்தப் பக்கம் ஊதும்?"

குழாயின் மேல்வாய் திறந்துதான் இருந்தது. அவள் வளையத்தைத் தண்டோடு கீழே இறக்கினாள். போன முறை வழுக்கிக்கொண்டு போன வளையம், குழாயின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது. கட்டைவிரலால் அழுத்தினாள். போகவில்லை.

"தள்ளு" என்றேன். உள்ளங்கையால் அழுத்தினேன். போகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மரச்சுத்தியை எடுத்து நான்கு அடி போட்டேன். வளையம் முனகிக்கொண்டே உள்ளே போனது.

"போயிடுச்சு பார்!"

"இப்போ சுக்கானைத் திருப்புங்க."

பிடியை மாட்டி ஒரு விரலால் தள்ளினேன். நகரவில்லை. ஒரு கையால் தள்ளினேன். நகரவில்லை. காலை ஊன்றி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் தள்ளினேன். மூத்தவள் முழுதாக ஆடினாள். சுக்கான் மட்டும் அசையவில்லை.

சின்ன வளையம் ஒன்றே தண்டைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்திருந்தது. முழுப் புஷ் அதைப் போலப் பத்து மடங்கு நீளம்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சரி. சனிக்கிழமை மேற்பார்வையாளர் தரையிலேதான் குலுக்கிப் பார்ப்பார். புஷ் காய்ந்துதானே இருக்கிறது? சத்தம் வராது. முதலில் இடம் நிலைக்கட்டும். மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம்னா எப்போ? நடுக்கடல்லயா? பாறைக்கு நேரா போகும்போது சுக்கான் திரும்பாதே, அப்பவா?"

"இப்போது புஷ்ஷைக் கழற்றி இடம் விட்டால், சனிக்கிழமை கொஞ்சம் ஆடும். சத்தம் கேட்கும். அந்த ஆள் நின்று சிரிப்பான். நம் குடும்பத்துக்கு என்ன மரியாதை?"

ஆணி ஏணியின் நடுப்படியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டாள்.

"மூத்தவ உங்க அக்கான்னு சொல்றீங்க. ஊர் சிரிக்குதுன்னு அக்காவோட கழுத்தை நெரிச்சா கடலுக்கு அனுப்புவீங்க? நான் நகர மாட்டேன்."

"ஏய், வழியை விடு."

"மாட்டேன்."

"நான் இறங்க வேண்டும்."

"புஷ்ஷைக் கழற்றுறதா இருந்தா இறங்குங்க."

என் வீட்டில் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. என் தம்பிகூடப் பேசியதில்லை. நான் தளத்தில் உட்கார்ந்தேன். அவள் ஏணியில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. தொப்பி கீழே இருந்தது. என் வழுக்கை சுட்டது. அவள் தன் தலைத்துணியை அவிழ்த்து, திரும்பிப் பார்க்காமலே மேலே நீட்டினாள்.

"போட்டுக்கோங்க. ஆனா நகர மாட்டேன்."

துணியைத் தலையில் போட்டுக்கொண்டேன். வளையம் மாட்டியிருந்த குழாயைப் பார்த்தேன். என் அப்பா இருந்திருந்தால் இந்த ஏணியில் யார் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்தேன். எனக்குப் பிடிக்காத பதில்தான் கிடைத்தது.

"திருகுசாவியை எடுத்துக் கொடு" என்றேன்.

லேத்காரரிடம் திரும்பப் போவது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. வாசலிலேயே நின்றேன். ஆணிதான் உள்ளே போய், ஊறிய வளையத்தை மேசைமேல் வைத்தாள்.

அவர் முழுக் கதையையும் கேட்டார். இரண்டு கண்ணாடியையும் நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"நான் மில்லுக்கும் பம்புக்கும் செய்யுறவன்மா. எல்லாம் எண்ணெய்ல ஓடும். தண்ணியில ஊறும்னு எனக்குத் தோணவே இல்ல. ஆனா இடம் விடட்டுமான்னு கேட்டேனா இல்லையா, அண்ணே?"

"கேட்டீர்கள்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு பாடு!

ஊறிய வளையத்தையும் காய்ந்த புஷ்ஷையும் அளவுகோலில் பிடித்து, எவ்வளவு ஊதியிருக்கிறது என்று ஆணி பார்த்தாள். நான்கு தாள் கனம். லேத்காரர் புஷ்ஷின் உள்பக்கத்தை அவ்வளவு சீவினார். தண்டு திரும்ப இன்னும் ஒரு தாள் கனம் சேர்த்துச் சீவினார்.

மறுபடி பொருத்தினோம். குலுக்கினேன்.

டிக்.

பழைய டொக் இல்லை. சின்ன டிக். ஆனாலும் சத்தம் சத்தம்தான்.

சனிக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். கையில் அட்டை, அட்டையில் தாள், காதில் பேனா. பின்னாலேயே வெள்ளைப் படகுக்காரர், தன்னை யாரோ அழைத்தது போல.

மேற்பார்வையாளர் சுக்கானைப் பிடித்துக் குலுக்கினார்.

டிக். டிக்.

"அட, அன்னிக்கு நான் குலுக்கினப்போ இது இல்லையே!" என்றார் வெள்ளைப் படகுக்காரர். "இப்போ மெதுவா தட்டுறாங்க. கை வலிச்சிருக்கும்."

மேற்பார்வையாளர் காதிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் ஆணி. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தாள். ஊறிய வளையத்தைக் குழாயின் வாயில் வைத்துக் காட்டினாள். உள்ளே போகாததைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன்.

"அதெல்லாம் சரிம்மா. ஆனா சத்தம் வருதே. விதின்னு ஒண்ணு இருக்கே."

"விதியில தரையில வச்சுத்தான் பார்க்கணும்னு இருக்கா சார்?"

அவர் தாளைப் புரட்டினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். 'சுக்கான் தண்டு ஆடக் கூடாது' என்று மட்டும்தான் இருந்தது.

"தண்ணியில பாருங்க சார். பத்து நாள் கழிச்சு."

"சாக்கு!" என்றார் வெள்ளைப் படகுக்காரர். "பத்து நாள்ல இன்னொரு பத்து நாள் கேட்பாங்க."

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தேன்.

"கேட்க மாட்டோம். பத்தாம் நாள் ஒரு டிக் வந்தாலும், நானே என் கையால் மூத்தவளை அந்த இடத்திலிருந்து இழுத்துப் போகிறேன். எங்கள் வீட்டுப் பெண் கணக்குப் பார்த்துச் சொல்கிறாள். அவள் சொல்வதுதான் எங்கள் குடும்பத்தின் சொல்."

சொல்லி முடித்ததும் என் முழங்கால் லேசாக ஆடியது. நல்லவேளை, அதற்குச் சத்தம் கிடையாது.

மேற்பார்வையாளர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "பத்து நாள்" என்றார்.

மூத்தவள் தண்ணீரில் இறங்கினாள். ஆணி தினமும் பள்ளி விட்டதும் ஓடி வருவாள். தளத்தில் குப்புறப் படுத்து, குழாயில் காதை வைப்பாள். நான் குலுக்குவேன்.

முதல் நாள், டிக். மூன்றாம் நாளும் டிக். ஐந்தாம் நாளும் அதேதான். அன்று ஆணி நகத்தைக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"கணக்குத் தப்பா இருந்தா, பெரியப்பா?"

"நம் வீட்டுக் கணக்கு தப்பாது" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் கலக்கம்தான். அதை அவளிடம் சொல்லிவிடுவேனா என்ன?

ஏழாம் நாள் பலமாகக் குலுக்கினால் மட்டும் கேட்டது. ஒன்பதாம் நாள் நான் குலுக்கினேன். ஆணி காதை வைத்துக் கேட்டாள். இன்னொரு காதை மாற்றி வைத்துக் கேட்டாள். எழுந்து என்னைப் பார்த்தாள். நெற்றியில் அழுக்கு ஒட்டியிருந்தது. பல் முழுவதும் தெரியச் சிரித்தாள்.

பத்தாம் நாள் மேற்பார்வையாளர் தளத்தில் ஏறினார். ஒரு கையால் குலுக்கினார். இரண்டு கையால் குலுக்கினார். ஒன்றும் இல்லை. பிறகு பிடியைச் சுண்டுவிரலால் தள்ளினார். சுக்கான் அழகாகத் திரும்பியது. திருப்பித் தள்ளினார். திரும்பி வந்தது. அவருக்கே அது பிடித்துப்போய், தேவையில்லாமல் இன்னும் இரண்டு முறை தள்ளினார்.

"முதல் இடம் மூத்தவளுக்கே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படியில் நின்றிருந்த வெள்ளைப் படகுக்காரர் காதைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். தண்ணீரில் விழாத குறைதான்.

"என்ன பெரியவரே, சத்தமே காணோம்?"

"இனிமேல் அவள் போட மாட்டாள்" என்றேன். "சத்தம் போட எங்கள் வீட்டில் வேறு ஆள் இருக்கிறது."

"யாரு, நானா?" என்று ஆணி கத்தியது துறையின் அந்தக் கோடிவரை கேட்டது.